எளிமை இழிவென்பார் கொள்கை மறுப்பு

உலகின்கண் மக்கள் தம்மாட்டுள்ளதைப் பிறரறியக் காட்டுதலிற் பெருவிழைவுடையர். செல்வமுடையார் செல்வத்தையும், கல்வியுடையார் கல்வியையும், தொண்டுடையார் தொண்டினையும் காட்டவே விரும்புவர். இவ்விழைவு உலகியலளவில் நின்றொழியுமாயின் அதுபற்றி ஈண்டு ஆராய வேண்டுவதின்று. அது சைவத் திருக்கோயிலினுள்ளும், சித்தாந்த அவையினுள்ளும், நூலுரையினுள்ளும் புகுந்து, ‘எளிமை இழிவு, அருமையே பெருமை’ என்னும் ஒரு கொள்கையாகவே நிலைபெற்று வருகின்றமையின், அதனை ஆராய்ந்து விலக்குதல் சைவ நன்மக்கட்குக் கடனாயிற்று.

அக்கொள்கையுடையார் கூறுவன மூன்று. எளிய வாழ்க்கை வறியார்க்கு நேர்ந்ததோர் இடர். அதனை அறமெனப் புகழ்தல் இயலாமையை மறைக்கும் உபாயமேயாம் என்பது ஒன்று. இறைவன் அனைத்துலகுக்கும் முதல்வனாகலின் அவனுக்குச் செய்யுந் தொண்டு பெரும்பொருட் செலவுடையதாதல் வேண்டும் என்பது மற்றொன்று. சித்தாந்தம் நுண்பொருளாகலின் அருஞ்சொல்லானன்றி அதனைக் கூறலாகாது. எல்லார்க்கும் விளங்கக் கூறின் பொருள் சிதையும், நூலின் மதிப்பும் குறையும் என்பது பிறிதொன்று. இவை முறையே வாழ்க்கை, தொண்டு, சொல் என்னும் மூன்றிடத்தும் எளிமையை விலக்குவனவாம்.

முதற்கண் எளிமையாவது யாதெனத் தெளிதல் வேண்டும். எளிமை என்பது இன்மையன்று, குறைவுமன்று, அசட்டையுமன்று. ஒரு செயலின் பயன் எதுவோ அதற்கு வேண்டுவனவெல்லாம் நிறைய வைத்து, வேண்டாதது ஒன்றனையும் இடையே புகவிடாமை எளிமை எனப்படும். உணவின் பயன் பசி தீர்தல். விளக்கின் பயன் ஒளி. சொல்லின் பயன் பொருள் விளங்கல். அப்பயனை மறைக்குமாறு வந்து சேர்வது எதுவோ அதுவே ஆடம்பரம். நன்னூலார் நூலுக்குரிய அழகு பத்தினுள் சுருங்கச் சொல்லலை முன்வைத்து, அதனையடுத்தே விளங்க வைத்தலை வைத்தார். குற்றம் பத்தினுள் குன்றக் கூறலை முதலில் விலக்கி, அதனையடுத்தே மிகைபடக் கூறலை விலக்கினார். குறைவும் குற்றம், மிகையும் குற்றம், இரண்டுமின்றி நிறைந்து நிற்பதே அழகென்பது இதனாற் பெறப்படும்.

இனி, எளிய வாழ்க்கை வறியார்க்கு நேர்ந்த இடரென்னும் முதற்கூற்று ஆராயப்படும். அது பொருந்தாது. என்னை? வேண்டியது கிடையாமை வறுமை. கிடைத்ததனையும் வேண்டாமை எளிமை. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டமையே அவர் மயக்கத்திற்குக் காரணம். திருநாவுக்கரசு நாயனார் செல்வமும் சிறப்பும் அறியாதவரல்லர். சமண் சமயத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்று விளங்கியவர். அத்தலைமையைத் துறந்து வந்தபின் அவர் திருக்கையில் ஏந்தியது உழவாரம். திருப்புகலூரில் அவர் புல் செதுக்கித் தொண்டு செய்யுங்கால் நிலத்திடையே பொன்னும் நவமணியும் வெளிப்பட்டன. நாயனார் அவற்றையும் பருக்கைக் கற்களையும் வேறு காணாது, இரண்டனையும் உழவாரத்தால் ஒருங்கே வாரி அருகிருந்த குளத்தில் எறிந்தார். பொன் காணாத கை பொன்னை வேண்டாதிருத்தலில் வியப்பில்லை. கண்டு, கையில் ஏந்தி, எறிந்ததனை இயலாமை என்பார் உளராயின் அவரோடு வழக்கிடுதலாற் பயனில்லை.

இளையான்குடி மாறநாயனார் வரலாறும் இதனையே வலியுறுத்தும். அவர் செல்வமிக்கிருந்த காலத்து அடியார்க்கு அமுதளித்தார். செல்வம் சுருங்கிய காலத்து மழையிரவில் வயலிற் சென்று, விதைத்த முளைநெல்லை வாரி வந்து அமுதளித்தார். செல்வம் மாறிற்று; செயல் மாறிற்றில்லை. ஆகவே எளிமை என்பது செல்வத்தின் அளவைப் பற்றி நிற்பதன்று, உள்ளத்தின் அளவைப் பற்றி நிற்பதென்பது தெளிவு.

அற்றேல், திருஞானசம்பந்தப் பிள்ளையார் முத்துச் சிவிகை ஏறினாரன்றோ என வினவுவர். ஏறினார், ஆயின் அது பிள்ளையார் வேண்டிப் பெற்றதன்று. திருநெல்வாயில் அரத்துறையில் இறைவன் இரங்கி ஈந்தது. அச்சிவிகையைத் திருநாவுக்கரசர் தாங்குவாருள் ஒருவராய் மறைந்து தாங்கி வருதலை அறிந்தவுடன் பிள்ளையார் அதனினின்றும் விரைந்திழிந்து அவரை வணங்கினார். ஏறியதனை எடுத்துக்காட்டுவார் இழிந்ததனையும் உடன்காட்டுதல் வேண்டும். இக்காலத்துச் சிவிகை ஏறுவாருள் அவ்வாறு இழிவார் எத்துணையர்?

உடலும் கருவிகளும் உலகும் நுகர்பொருள்களும் உயிர் மலம் நீங்கிப் பக்குவமுறுதற்பொருட்டு இறைவன் கொடுத்த துணைகள் என்பது சித்தாந்தம். துணைக்கு வந்ததனையே பயனென மயங்கி, அதனைப் பெருக்குதற்கு வாழ்நாளைச் செலவிடுதல் ஓடத்தை அணிசெய்து கொண்டே கரையிலிருந்துவிடுதலை ஒக்கும். திருமணம் ஒருநாட் சடங்கு. அயலார் வியத்தற்பொருட்டு வாங்கிய கடனோ பல்லாண்டு நின்று இல்லறத்தின் அமைதியைத் தின்னும். அக்கடனுக்கு வட்டி செலுத்துதற்குரிய பொருளில் அடியார்க்கு ஒரு பிடி சோறும் எஞ்சாது. சைவர்க்குரிய அடையாளமோ ஆவின் சாணத்தை நீற்றிய திருநீறு. அரசனும் ஏவலனும் அணிவது அஃதொன்றே. ஓதுவது ஐந்தெழுத்து. நெற்றியில் நீற்றை வைத்து, நெஞ்சில் ஐந்தெழுத்தை நிறுத்தி, வாழ்க்கையில் மட்டும் எளிமையை இழிவென்பது தம் நெற்றியைத் தாமே இகழ்தலாம்.

இனி, தொண்டு பெருஞ்செலவினதாதல் வேண்டுமென்னும் இரண்டாங் கூற்று. நாயன்மார் தொண்டுகளை எண்ணிப் பார்ப்பார்க்கு இதன் பொருந்தாமை தானே விளங்கும். திருவிளக்குத் தொண்டு ஒன்றனையே ஈண்டு எடுத்துக் கொள்க. கலியநாயனார் திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகர் குலத்தவர். தம் பொருளால் விளக்கேற்றினார். பொருள் தொலைந்தபின் கூலிக்கு உழைத்து ஏற்றினார். நமிநந்தியடிகள் திருவாரூரில் நெய் மறுக்கப்பட்டு, இறைவன் ஆணையால் நீரை வார்த்து ஏற்றினார். கணம்புல்லநாயனார் புல்லரிந்து விற்று அவ்விலையால் நெய் வாங்கி ஏற்றினார். புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே திரித்து எரித்தார். அதுவும் போதாதபோது தம் திருமுடியையே விளக்கில் மூட்டினார். எண்ணெய், நீர், புல், தலைமுடி என விளக்கேற்றிய பொருள்கள் வேறுவேறு. ஒளி ஒன்று, அன்பு ஒன்று. இறைவன் அவரவர் ஏற்றிய பொருளின் விலையை நோக்கி அருளினனல்லன்.

இங்ஙனமிருப்ப, இக்காலத்துத் திருக்கோயில்கள் பலவற்றில் மின்விளக்குக் குழலின்மேல் ‘இன்னார் உபயம்’ என்று பெரிய எழுத்தால் எழுதி வைக்கும் வழக்கத்தைக் காணாதார் இலர். எழுத்து எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஒளி குறையும். விளக்கிட்டார் என்னும் பெயரை விளக்கின்மீதே இட்டு, விளக்கின் பயனைத் தம் பெயராலேயே மறைக்கும் இச்செயல் ஆடம்பரத்தின் இயல்பனைத்தையும் ஒருங்கு காட்டுவதாம். குடமுழுக்கு அழைப்பிதழில் இறைவன் திருப்பெயர் ஒரு வரி. வருகை தருவார் பட்டங்களோ பல பக்கம். ஓதுவார் திருமுறை ஓதுங்கால் வாயிற்புறத்து ஒலிபெருக்கி அவர் குரலை விழுங்கும். தொண்டினை மறைப்பதும் தொண்டெனவே பெயர் பெறுகின்றது.

சோழர் காலத்துக் கொடையாளரும் தம் பெயரைக் கல்லில் வெட்டினரன்றோ எனின், வெட்டினர். அதன் பயன் வேறு. நந்தாவிளக்கு ஒன்றற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்றவர் நாடோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடு ஈந்தவர் யார், ஏற்றுக் கொண்டவர் யார், அளக்கும் நெய் எவ்வளவு, எந்நாள்வரை என்பன கல்வெட்டில் விளங்க எழுதப்பட்டன. பின்வருவார் தம் கடமையினின்றும் தவறின், அக்கல் சான்றாக நிற்கும். அவை விளக்கு அணையாமைப்பொருட்டு எழுதப்பட்டன. இவை கொடுத்தவர் பெயர் அணையாமைப்பொருட்டு எழுதப்படுகின்றன. மேலும் அவர் எழுதியது சுவரின்மீது, விளக்கின்மீதன்று.

பெருங்கோயில்களும் பெருவிழாக்களும் வேண்டாவென்பது இதன் கருத்தோ எனின், அன்று. காடவர்கோன் காஞ்சியிற் கற்றளி எடுத்தான். பூசலார் திருநின்றவூரில் உள்ளத்தே கோயில் எடுத்தார். இறைவன் அரசன் கனவில் தோன்றி, பூசலார் கோயிலில் நாளை புகுகின்றோமாதலின் நின் கோயிற் கடவுண் மங்கலத்தைப் பின்னொருநாள் வைத்துக் கொள்க என்று பணித்தான். கற்றளி மறுக்கப்பட்டதில்லை, அதற்குரிய நாள் மட்டும் பின்தள்ளப்பட்டது. ஈண்டு உற்று நோக்கற்பாலது பிறிதொன்றும் உண்டு. பூசலார் முதற்கண் பொருள் தேடி அலைந்தார். கிடையாமையின் மனத்தே எடுக்கத் துணிந்தார். மனத்தில் எடுப்பதுதானே என்று அவர் ஒரு நாளில் முடித்தாரல்லர். கருவிகளும் தச்சரும் நினைவாற் சேர்த்து, நன்னாட் கொண்டு கால்கோளிட்டு, அடிமுதல் முடிவரை முறைதவறாது அமைத்து, கிணறும் மதிலும் குளமும் வகுத்து, நெடுநாட்பட்டே முடித்தார். செலவில் எளிமை, செய்கையில் நிறைவு. இதுவே எளிய தொண்டின் இலக்கணம். ‘எளிமை’ என்று கூறிக் கொண்டு பூசையை அரைகுறையாக முடிப்பார்க்குப் பூசலார் வரலாற்றில் இடமில்லை.

திருமூலநாயனார் வழிபாட்டையும் அறத்தையும் எத்திறத்தாரும் செய்யவல்ல அளவில் வைத்து உபதேசித்தருளினார். இறைவனுக்கு ஓர் இலை இடுதலும், ஆவுக்குச் சிறிது புல் இடுதலும், உண்ணும்போது சிறிது பிறர்க்கு ஈதலும், அவையும் இயலாதார் இன்சொற் கூறுதலும் அவர் காட்டிய நெறி. செலவே தொண்டின் அளவாயின், ஒரு பிடி வில்வத்தோடு வரும் ஏழைத் தாய் பட்டங்கள் நிறைந்த பலகையின்முன் நாணி நின்று திரும்புவள். அவளைத் திருப்பியவர் எவரேனும் ஆகுக. அவர் செய்தது தொண்டன்று.

இனி மூன்றாங் கூற்று. இதுவே சித்தாந்தத்தின் வாழ்வு தாழ்வுகட்கு நேரே காரணமாவது. ஆகலின் விரித்து ஆராயத்தக்கது. அவையிற் பேசுவார் ஒரு நாழிகை பேசுவர், கேட்டார் வெளியே வந்து, ‘மிகப் பெரிய பேச்சு, ஒன்றும் விளங்கிற்றில்லை’ என்பர். இவ்விரண்டும் ஒரே வாயிற் பிறத்தலைப் பலரும் கேட்டிருப்பர். விளங்காமையே பெருமைக்குச் சான்றாக மதிக்கப்படுகின்றது. பேசினாரும் அதனைக் கேட்டு மகிழ்வர்.

பொருளின் அருமை வேறு. சொல்லின் அருமை வேறு. முப்பொருளின் இயல்பு நுண்ணிதென்பது உண்மை. நுண்ணிதாகலினன்றோ அதனைக் காட்டுஞ் சொல் தெளிவுடையதாதல் வேண்டும்? நுண்ணிய எழுத்தைப் படிப்பான் தெளிந்த கண்ணாடியை நாடுவனேயன்றி, வண்ணம் தீட்டிய கண்ணாடியை நாடான். மெய்கண்டதேவர் 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளினார். அவற்றின் பொருள் ஆழமானது. ஆயின் அப்பொருளைத் தெளிவித்தற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமைகளை நோக்குக. வேடர்பால் வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரன், பல நிறம் கவரும் படிகம் என இவையெல்லாம் உலகத்தார் அறிந்தவை. அவர் வழிவந்த அருணந்தி சிவாசாரியார் மலங்களின் அநாதித் தொடர்பை நெல்லின் முளையும் தவிடும் உமியும் கொண்டு விளக்கினார். நெற்குத்தும் மகளிரும் அறிந்த பொருளைக் கொண்டு எவரும் எளிதில் அறியாத பொருளைக் காட்டினமையின் அவர் ஆசாரியராயினர்.

அத்துவிதம் என்னுஞ் சொல் ஒன்றனையே சான்றாகக் கொள்ளலாம். இக்காலத்தார் ஒருவர் அதனை விளக்கப் புகுந்து, பேதாபேத விலக்ஷண சம்பந்தம் என்றும், வியாப்பிய வியாபகம் என்றும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் செல்வர். ஒரு சொல்லை விளக்க ஐந்து சொல் வரும். அவ்வைந்தனையும் விளக்குவார் இலர். மெய்கண்டதேவர் காட்டிய வழியோ வேறு. ஒருவனுக்கு இட்ட பெயர் அவன் உடம்பினைக் குறித்து இட்டது. அப்பெயரால் அழைக்குங்கால், உடம்பினுள் நின்ற உயிர் அதனைத் தன் பெயராகவே கொண்டு ‘ஏன்’ என்று விடை தருகின்றது. உயிர் உடம்போடு அத்துணை ஒன்றி நிற்கின்றது. ஆயினும் உயிர் உடம்பாகாது, உடம்பு உயிராகாது. அதுபோல இறைவன் உயிரோடு கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும் நிற்பன். இதனைக் கேட்ட சிறுவனும் ஒருமுறை தன் பெயரைத் தானே கூறிப் பார்த்து உணர்வன். இதனாற் பொருள் சிதைந்ததோ? பொருள் உட்சென்று பதிந்தது.

பின்வந்த ஆசிரியரும் இந்நெறியே நின்றனர். மனவாசகங் கடந்தார் உண்மை விளக்கத்தை மாணாக்கன் வினவ ஆசிரியர் விடை கூறும் முறையில் அமைத்தார். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனை 100 குறட்பாவில் அடக்கினார். மாபாடியம் போலும் பேருரைகள் அரியனவாக இல்லையோ எனின், அம்மாபாடியஞ் செய்த சிவஞான முனிவரே அச்சிவஞானபோதத்திற்குச் சிற்றுரையும் செய்தார். வடமொழி தென்மொழிக் கடல்களை நிலைகண்டவர், பேருரை ஒன்றே போதுமென்று அமைந்திலர். புகுவார்க்கு ஒரு வாயிலும், உள்நின்று ஆராய்வார்க்கு ஒரு மாடமும் வேண்டுமென அறிந்து இரண்டனையும் அமைத்தார். வாயிலை அடைத்துவிட்டு மாடத்தின் உயரத்தைப் புகழ்வார் முனிவரைத் துணையாக்கிக் கொள்ளுதல் தகாது.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) செய்தது யாது? அக்காலத்துப் பாதிரிமார் அச்சியந்திரத்தின் துணைகொண்டு எளிய உரைநடையிற் சிறுநூல்களை ஊர்தோறும் பரப்பினர். சைவர் பக்கலில் இருந்தன உயர்ந்த நூல்கள்; ஆயின் அவை செய்யுள் வடிவினவாய், ஏட்டில், கற்றார் சிலரிடத்தே கிடந்தன. விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியிற் பார்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றமையால் நாவலர் எளிய உரைநடையின் ஆற்றலை நேரே அறிந்தவர். அவர் 1847 முடிவில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கினார்; 1848-இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; பெரியபுராணத்தை வசனமாக்கினார்; சிறார்க்குப் பாலபாடங்களும், அனைவர்க்கும் சைவ வினாவிடையும் எழுதினார். இவரைப் புலமை குறைந்தாரென எவரும் கூறார். பரிமேலழகருரையையும் சேனாவரையத்தையும் ஆராய்ந்து பதிப்பித்தவர் இவரே. சேனாவரையம் கைவந்த ஒருவர் சிறுவனுக்கேற்ற வாக்கியம் எழுத அமர்ந்தார் என்பதே அவர்தம் புலமைக்குப் பெருஞ்சான்று. எளிய நடை அறியாமையின் பயனாயின் அது நாவலர்க்கு வாய்த்திராது.

‘அது நாவலர் காலம், இக்காலத்துக் கல்வி எங்கும் பரவிவிட்டது’ என்பர். எழுத்தறிவு பரவியது உண்மை. சைவ அறிவு பரவியதோ? மருத்துவமும் சட்டமும் கற்றுத் தேர்ந்த சைவ இளைஞரை ஆணவமாவது யாதென வினவின், செருக்கென்றே விடை கூறுவர். ஆணவம் உயிரை அநாதியே மறைத்து நிற்கும் மூலமலம் என்பதும், ‘யான்’ ‘எனது’ என்னுஞ் செருக்கு அதன் விளைவென்பதும் அவர்க்கு எடுத்துரைப்பார் இலர். கூற வல்லார் தம்முள் தாமே பேசிக் கொள்கின்றனர். கேட்க வந்த இளைஞர் இரண்டொரு கூட்டத்தின்பின் வாரார். வாராதவரைக் குறைகூறுதல் எளிது. அவரைத் திருப்பியது எதுவென ஆராய்தலே அரிது.

அருஞ்சொல்லாடம்பரத்தின் வேர் யாதெனச் சித்தாந்த முறையானே ஆராயின் உண்மை புலப்படும். இருள் பிற பொருள்களை மறைப்பினும், தான் இருளென்பதையேனும் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் காட்டாது நிற்கும் என்று உமாபதி சிவாசாரியார் தெளிவித்தருளினார். பொருளை மறைக்கும் நடை அத்தகையது. அது நூற்பொருளை மறைக்கின்றது. மறைத்தலையும் மறைத்து, புலமையெனத் தோன்றுகின்றது. விளக்கின்மேற் பெயரெழுதினார் செய்ததற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

இதற்கு மறுதலையாய் நிற்பது திருவருளின் இயல்பு. வாக்கு மனங்கட்கு எட்டாத முதல்வன் உயிர்கள்மாட்டு வைத்த இரக்கத்தால் மானுட வடிவிற் குருவாக எழுந்தருளுகின்றான். மதுரையில் ஒரு முதியவளுக்காக மண் சுமந்தான். திருவாரூரில் நம்பியாரூரர்க்காக நள்ளிரவில் தூது நடந்தான். இவற்றால் அவன் முதன்மை குறைந்ததாக எவரும் கருதார். அவனே எளிவந்து நிற்ப, அவனைப்பற்றிப் பேசுவார் மட்டும் ஏறி நிற்பது எங்ஙனம் பொருந்தும்?

ஈண்டுப் பிறிதொரு பிழையும் விலக்கற்பாலது. எளிமை என்னும் பெயரால் பதி, பசு, பாசம் முதலிய சொற்களையே கைவிட்டு, வேடிக்கைக் கதை கூறிக் கேட்போரை நகைப்பித்து அனுப்புவாரும் உளர். அது குன்றக் கூறல், எளிமையன்று. சித்தாந்தச் சொற்கள் நிற்றல் வேண்டும். நின்று விளங்குதலும் வேண்டும். சொல்லை விடாது, பொருளையும் ஒளியாது, கேட்பான் நிலைக்கு இறங்கி, அவன் கைபற்றிப் படிப்படியாக மேலேற்றுவதே ஆசிரியர்க்குரிய அறம்.

ஆகவே வாழ்க்கையில் எளிமை அவாவின் சுருக்கம்; தொண்டில் எளிமை அன்பின் விளக்கம்; சொல்லில் எளிமை அருளின் செயல் என்பது பெறப்பட்டது. சைவச் செல்வர் தம் இல்லத்து மங்கலங்களைக் கடனின்றி முடிப்பாராக. உபயம் செய்வார் விளக்கின்மேலுள்ள தம் பெயரைத் துடைத்து ஒளியைப் பெருக்குவாராக. உரைசெய்வார், தாம் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் நெற்குத்துவாள் ஒருத்தி கேட்கின்றாள் என்று நினைந்து, மீண்டுமொருமுறை நோக்குவாராக. அவட்கு விளங்கிற்றாயின் கற்றாரும் அதனை வெறுத்திடார். அவட்கு விளங்காதாயின், அக்குறையை அவள்மேல் ஏற்றாது தம் சொல்லின்மேல் ஏற்றித் திருத்துவாராக. அதுவே மெய்கண்டதேவர் மரபிற்குச் செய்யும் வழிபாடாம்.

சிவம்.